கண்ணில் படாமல் இருந்தால் புரொபேஷன் முடிந்துவிடுமா?

வாசகர் கேள்வி: நாங்கள் கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்ட் நகரில் இருக்கிறோம். என் தம்பிக்கு 34 வயது, கிரீன் கார்டு வைத்திருக்கிறான். வேலை போனது, குடி கூடியது, மனைவி பிரிந்துபோனாள். ஒரு திருட்டு வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டதால் அலமேடா கவுண்டி நீதிமன்றம் இரண்டு ஆண்டு ஃபெலனி புரொபேஷன் (கடுங்குற்றத்துக்காக, நிபந்தனைகளோடு வெளியே விட்டுக் கண்காணிக்கும் காலம்) கொடுத்தது. எங்களோடுதான் இருந்தான். என் கணவரோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியே போனவன், ஓடைக்கரையில் மற்றவர்களோடு டென்ட் அடித்துத் தங்கியிருக்கிறான். போலீஸ் இரண்டு முறை சைட்டேஷன் (குற்றம் சாட்டும் சீட்டு) எழுதிவிட்டது. நகராட்சி ஆட்கள் இடத்தைக் காலி செய்தபோது அவனுடைய ஃபோனும் பையும் போய்விட்டன. அதன்பின் புரொபேஷன் அதிகாரியைப் போய்ப் பார்க்கவே இல்லை. டென்டில் இருப்பதே தப்பா? எங்கள் வீட்டில்தான் இருக்கிறான் என்று அதிகாரியிடம் சொல்லிவிடலாமா? சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பதால் எங்களுக்கு ஏதாவது வருமா? ஊருக்கே அனுப்பிவிடலாம் என்று அம்மா சொல்கிறார். அவனோ, "இன்னும் பத்து மாசம் கண்ணுல படாம இருந்துட்டா முடிஞ்சிடும்க்கா" என்கிறான்.

பதில்:

சகோதரிக்கு,

உங்கள் தம்பி சொன்ன அந்தக் கடைசி வாக்கியத்திலிருந்து தொடங்குகிறேன். மற்ற எல்லாவற்றையும்விட ஆபத்தானது அதுதான்.

முடியாது. புரொபேஷன் காலம் தானாக ஓடித் தீர்ந்துவிடும் என்பது அவர் நேரில் வந்து பார்த்துக்கொண்டிருக்கும் வரைதான். ஆள் வரவில்லை என்று அதிகாரி நீதிமன்றத்துக்கு எழுதியதும், நீதிபதி புரொபேஷனை உடனடியாக, ஆள் இல்லாமலேயே, தற்காலிகமாக ரத்துசெய்யலாம். கலிஃபோர்னியா குற்றவியல் சட்டத்தின் 1203.2 பிரிவுப்படி அந்த நாளோடு கணக்கு நின்றுவிடும். பத்து மாதம் ஒளிந்திருந்து வெளியே வந்தால் பத்து மாதம் அப்படியே மிச்சம் இருக்கும். கூடவே ஒரு பெஞ்ச் வாரண்டும் (நீதிபதி பிறப்பிக்கும் கைது ஆணை) இருக்கும். அந்த வாரண்டுக்கு காலாவதித் தேதி கிடையாது. 2021 ஜனவரி முதல் இந்த மாநிலத்தில் பெரும்பாலான ஃபெலனி வழக்குகளுக்குப் புரொபேஷன் இரண்டு ஆண்டுக்கு மேல் போகக்கூடாது என்று சட்டம் வந்தது நல்ல விஷயம்தான். ஆனால் காலம் சுருங்கியதும் "கொஞ்ச நாள்தானே, தாக்குப்பிடித்துவிடலாம்" என்ற எண்ணமும் கூடவே வந்துவிட்டது. கூடாரங்களில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் யோசனை இது. தயவுசெய்து கேட்காதீர்கள்.

ஒளிந்துகொள்ளக் கூடாரம் தோதான இடமும் இல்லை. நகராட்சி இடத்தைக் காலி செய்ய வரும்போது போலீஸும் வரும், அங்கிருப்பவர்களின் பெயரைக் கேட்கும், கணினியில் தட்டிப் பார்க்கும். வாரண்ட் இருந்தால் அங்கேயே கைவிலங்கு. அது வெள்ளிக்கிழமை மாலையாக இருந்தால் நீதிபதி முகத்தைப் பார்க்கவே அடுத்த வாரம் ஆகிவிடும்.

அதனால் முதல் வேலை, அவருக்காக வழக்காடிய பப்ளிக் டிஃபெண்டர் (அரசு செலவில் வாதாடும் வக்கீல்) அலுவலகத்தை அழைப்பது. புரொபேஷன் அதிகாரியை நீங்களாக அழைக்க வேண்டாம், முதலில் வக்கீல். வாரண்ட் வந்துவிட்டதா என்று அவர்களால் பார்க்க முடியும். வந்திருந்தால், வழக்கை ஒரு தேதியில் பட்டியலில் போடச் செய்து, உங்கள் தம்பியைத் தானாக நடந்து வரவைப்பார்கள். தானாக வந்தவரையும் பிடித்து இழுத்து வரப்பட்டவரையும் நீதிபதி ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. சட்டப் புத்தகத்தில் இது எழுதப்படவில்லை, நீதிமன்றத்தில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். வக்கீலோடு பேசும்போது நீங்கள் வெளியே இருங்கள். வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான ரகசியப் பாதுகாப்பு அக்காவுக்குக் கிடையாது. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலே அந்தப் பாதுகாப்பு கேள்விக்குள்ளாகலாம்.

இனி, டென்டில் இருப்பதே தப்பா என்ற கேள்வி. இதற்கு இரண்டு அடுக்கில் பதில் சொல்ல வேண்டும்.

2024 ஜூன் 28 வரை, கலிஃபோர்னியா உள்ளிட்ட மேற்கு மாநிலங்களில் ஓரளவு பாதுகாப்பு இருந்தது. ஷெல்டரில் படுக்க இடமே இல்லாதபோது வெளியே தூங்கியதற்காக ஒருவரைத் தண்டிப்பது கொடூரத் தண்டனை என்று ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018இல் பாய்சி நகர வழக்கில் சொல்லியிருந்தது. ஓரிகன் மாநிலத்தின் கிராண்ட்ஸ் பாஸ் என்ற சிறு நகரத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை 6க்கு 3 என்ற கணக்கில் மாற்றியது. பொது இடத்தில் கூடாரம் போடுவதைத் தடைசெய்து தண்டிப்பது கொடூரத் தண்டனையைத் தடுக்கும் அரசியல் சட்டத்தின் எட்டாவது திருத்தத்தை மீறவில்லை என்பது தீர்ப்பு. அந்த நகரத்தின் விதிகள் எப்படி ஏறிக்கொண்டே போகின்றன என்று பாருங்கள். முதலில் 295 டாலர் அபராதம். திரும்பத் திரும்பப் பிடிபட்டால் பூங்காவுக்குள் வரக்கூடாது என்று உத்தரவு. அதையும் மீறினால் அத்துமீறல் குற்றம், 30 நாள் வரை சிறை. போர்வை விரித்ததில் ஆரம்பித்தது குற்றப் பதிவில் போய் முடிகிறது.

தீர்ப்புக்கு ஒரு மாதம் கழித்து கலிஃபோர்னியா ஆளுநர் கூடாரங்களை அகற்றச் சொல்லி மாநிலத் துறைகளுக்கு ஆணையிட்டார். நகரங்கள் ஒவ்வொன்றாகத் தடைச் சட்டம் போட்டன. உங்கள் ஃப்ரீமாண்ட் 2025 பிப்ரவரியில் போட்ட சட்டம் அவற்றில் கடுமையானது: தெரு, பூங்கா, நீர்வழி என எந்தப் பொது இடத்தில் தங்கினாலும் மிஸ்டிமீனர் (ஃபெலனியைவிடச் சிறிய குற்றம்), ஆறு மாதம் வரை சிறை, 1,000 டாலர் வரை அபராதம். இது போதாதென்று, அனுமதியின்றி எந்த இடத்திலும் தங்குவது மாநிலக் குற்றவியல் சட்டத்தின் 647 பிரிவின்படியும் மிஸ்டிமீனர்தான்.

இது முதல் அடுக்கு, எல்லோருக்கும் பொது. இரண்டாவது அடுக்கு புரொபேஷனில் இருப்பவருக்கு மட்டும். அவர் கையெழுத்துப் போட்ட தாளில் "எல்லாச் சட்டங்களுக்கும் கீழ்ப்படிய வேண்டும்" என்று ஒரு வரி நிச்சயம் இருக்கும். பக்கத்து டென்ட்காரருக்கு ஒரு சைட்டேஷன் என்றால் பெரும்பாலும் அபராதத்தோடு போய்விடும். உங்கள் தம்பிக்கு அதே தாள், பழைய ஃபெலனி வழக்கைத் திறக்கும் சாவி. அந்த விசாரணையில் ஜூரி கிடையாது. சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும் என்ற அளவுகோலும் கிடையாது. மீறியிருப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்று நீதிபதிக்குப் பட்டால் போதும். ஆகவே சைட்டேஷனையே நகரம் கைவிட்டுவிட்டாலும், அதே சம்பவத்துக்காகப் புரொபேஷன் ரத்தாக முடியும். "கேஸை டிஸ்மிஸ் பண்ணிட்டாங்க" என்று சந்தோஷப்பட்டுவிட்டு இதில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

ஆனால் வீடில்லை என்பது மட்டுமே புரொபேஷன் மீறல் ஆகாது. கலிஃபோர்னியாவில் மீறல் என்றால் அது வேண்டுமென்றே செய்ததாக இருக்க வேண்டும். 1992இல் சாரிங் என்ற வழக்கில், பிள்ளைகளைப் பள்ளியில் விட வேண்டியிருந்ததால் நீதிமன்றத்துக்குச் சில நிமிடம் தாமதமாக வந்த பெண்ணின் புரொபேஷனை ரத்துசெய்தது செல்லாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. பணம் கட்டாததற்கும் அப்படித்தான். கட்ட வழியில்லாதவரை, வழியிருக்கிறதா என்று விசாரிக்காமல் சிறைக்கு அனுப்பக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1983இலேயே பியர்டன் வழக்கில் தீர்த்துவைத்துவிட்டது. (புரொபேஷன் மேற்பார்வைக் கட்டணம் என்று பழைய பில் ஏதாவது வைத்திருந்தால் கவலைப்பட வேண்டாம். 2021 ஜூலையோடு கலிஃபோர்னியா அதை ஒழித்துவிட்டது. பாதிக்கப்பட்டவருக்குத் தர வேண்டிய நஷ்டஈடு வேறு, அது நிற்கும்.)

கூடாரச் சட்டத்துக்கே எதிராகவும் ஒரு வாதம் மிஞ்சியிருக்கிறது. 1998இல் ஐகார்ன் என்ற வழக்கு. சாண்டா அனா நகரில் அரசு வளாகத்தில் படுத்துத் தூங்கியவர் அவர். அன்றிரவு ஷெல்டரில் இடமில்லை, வேறு போக்கில்லை என்ற நிர்ப்பந்த வாதத்தை ஜூரி முன் வைக்க அவரை விடாதது தவறு என்று நீதிமன்றம் சொன்னது. கிராண்ட்ஸ் பாஸ் தீர்ப்பு இந்த வாதத்தைத் தொடவில்லை.

உங்கள் தம்பி விஷயத்தில் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. "அக்கா வீடு பத்து நிமிஷத்தில் இருக்கிறதே, அங்கே போயிருக்கலாமே" என்று அரசு வக்கீல் கேட்பார். நீங்கள் பாசத்தில் "எங்க வீட்டுக் கதவு அவனுக்கு எப்பவும் திறந்துதான் இருக்கு" என்று யாரிடமாவது சொல்லியிருந்தால், அந்த வாதத்தின் காலை நீங்களே உடைத்தீர்கள் என்று அர்த்தம். அவர் திரும்பி வரலாமா, முடியாதா என்பதை நீங்களும் கணவரும் உட்கார்ந்து உண்மையாக முடிவு செய்யுங்கள். முடியாது என்றால் அதை வக்கீலிடம் அப்படியே சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. அன்றிலிருந்து அவர் 211 என்ற உதவி எண்ணுக்கு அழைத்து ஷெல்டர் கேட்ட தேதி, நேரம், கிடைத்த பதில் எல்லாவற்றையும் ஒரு சின்ன நோட்டில் குறித்துவரட்டும். படுக்கை கொடுத்தும் வேண்டாம் என்று சொன்னால் நிர்ப்பந்தம் என்ற வாதமே செத்துவிடும் என்பதையும் சொல்லிவையுங்கள்.

உங்கள் வீட்டு முகவரியைக் கொடுக்கலாமா? தபால் முகவரியாகத் தாராளமாகக் கொடுங்கள். கொடுக்கவே வேண்டும். நீதிமன்றக் கடிதம் கைக்கு வராததால் தேதி தவறி, அதனால் வாரண்ட் வருவதுதான் கூடாரத்தில் இருப்பவர்களை அதிகம் வீழ்த்துவது. ஆனால் அவர் அங்கே வசிக்கிறார் என்று சொல்லாதீர்கள். அதிகாரி ஒரு நாள் காலையில் சொல்லாமல் வந்து கதவைத் தட்டுவார். ஆள் இல்லை, படுக்கை இல்லை, துணி இல்லை. வீடில்லை என்ற, தற்காப்பு இருக்கக்கூடிய ஒரு நிலைமை, அதிகாரியிடம் பொய் சொன்னார் என்ற, தற்காப்பே இல்லாத மீறலாக மாறிவிடும். அதோடு நீங்களும் பொய் சொன்னவர் ஆகிவிடுகிறீர்கள். முகவரி மாறினால் இத்தனை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனை அவர் தாளில் இருக்கும். "நிரந்தர முகவரி இல்லை, இந்த ஓடைக்கரைப் பக்கம் தங்கியிருக்கிறேன், கடிதம் அக்கா வீட்டுக்கு" என்று தெரிவிப்பதும் தெரிவிப்பதுதான். பிறகு கூடாரச் சட்ட வழக்கில் அந்த வாக்கியத்தையே அவருக்கு எதிராகப் பயன்படுத்துவார்களா என்று கேட்பீர்கள். வாய்ப்பு உண்டு. எந்தச் சொல்லில் தெரிவிப்பது என்பதை வக்கீலே எழுதிக் கொடுப்பதற்குக் காரணம் அதுதான்.

அவர் உண்மையாகவே வீட்டுக்குத் திரும்பி வந்தால் வேறொன்று தெரிந்திருக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் ஃபெலனி புரொபேஷனில் பெரும்பாலும் சோதனை நிபந்தனை இருக்கும். அதாவது வாரண்ட் இல்லாமலேயே அவரையும் அவர் இருப்பிடத்தையும் சோதிக்கலாம். 2001இல் நைட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது இந்த மாநிலத்தின் இதே நிபந்தனையைத்தான். வீட்டுக்கு வந்தால் ஹால், சமையலறை, கராஜ் போன்ற பொது இடங்களும் அதில் அடங்கும். வீட்டில் துப்பாக்கி இருந்தால் அவர் வருவதற்கு முன்பே அதை வீட்டிலிருந்து அகற்றிவிட வேண்டும்.

கூடாரத்திலும் இதே நிபந்தனை கூடவே வரும், அங்கேதான் அதிகம் கடிக்கும். வீட்டில் அலமாரிக்குப் பூட்டு உண்டு, டென்டில் எது யாருடையது என்று யார் சொல்வது? பக்கத்து ஆள் "கொஞ்சம் பார்த்துக்கோ" என்று வைத்துவிட்டுப் போன பையில் ஒரு ஊசியோ திருட்டு சைக்கிளின் உதிரியோ இருந்தால், அது உங்கள் தம்பியின் கைவசம் இருந்ததாகவே பேசப்படும். அடுத்தவர் பெயர் எழுதிய மாத்திரைப் பாட்டில், கயிறு வெட்ட வைத்திருக்கும் நீளமான கத்தி, இவையெல்லாம் டென்டில் சாதாரணம், புரொபேஷன் அறிக்கையில் சாதாரணம் இல்லை. குற்றப் பின்னணி உள்ளவர்களோடு பழகக்கூடாது என்ற நிபந்தனையும் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் இருப்பவர் அதை எளிதாகக் காப்பாற்றிவிடுவார். கூடார வரிசையில் பக்கத்தில் யார் டென்ட் அடிப்பது என்பதை அவரா தீர்மானிக்கிறார்? அந்த நிபந்தனையைத் தளர்த்தச் சொல்லி வக்கீல் மனுப்போடலாம்.

இப்போது கிரீன் கார்டு. உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு சொல்லாக வந்துபோனது, எனக்கு அதிகம் கவலை தருவது. சில வகைக் குற்றங்களில் ஓராண்டோ அதற்கு மேலோ தண்டனை விதிக்கப்பட்டால் குடியேற்றச் சட்டத்தில் அதன் கனம் தலைகீழாக மாறி, நாடு கடத்தலைத் தடுக்கும் வழிகள் அநேகமாக அடைபட்டுவிடும். புரொபேஷன் ரத்தான பிறகு விதிக்கும் தண்டனையும் அந்தக் கணக்கில் சேரும். நிறுத்திவைக்கப்பட்ட தண்டனையும் சேரும். எனவே தீர்ப்பு நாளன்று எழுதிய உத்தரவை எடுத்துப் பாருங்கள். தண்டனை விதிப்பதையே தள்ளிவைத்தார்களா, இல்லை இத்தனை ஆண்டு என்று விதித்துவிட்டு நிறைவேற்றுவதை மட்டும் நிறுத்திவைத்தார்களா? முதலாவது என்றால் ரத்தாகும்போது எவ்வளவு என்று பேச இடமிருக்கிறது. இரண்டாவது என்றால், புரொபேஷனைத் திரும்பக் கொடுக்காத வரை, அந்த எண்ணைக் குறைக்க நீதிபதிக்கு அதிகாரம் இல்லை.

அதனால் "மீறினேன் என்று ஒத்துக்கொள், முப்பது நாளில் வெளியே வந்துவிடலாம்" என்று யாராவது சொன்னால், குடியேற்ற வழக்கறிஞர் பார்க்காமல் தலையாட்ட வேண்டாம். குற்றத்தை ஒப்புக்கொள்வதால் நாடு கடத்தப்படும் ஆபத்து உண்டா என்று சொல்வது குற்றவியல் வக்கீலின் கடமை என்று 2010இல் படில்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அலமேடா பப்ளிக் டிஃபெண்டர் அலுவலகத்திலேயே குடியேற்றப் பிரிவு இருக்கிறது. பிற்பாடு பதிவை அழித்துக்கொள்ளலாம் என்று ஆறுதல் சொல்வார்கள். மாநில நீதிமன்றத்தின் அந்தச் சுத்திகரிப்பைக் குடியேற்றத் துறை பொதுவாகக் கணக்கில் எடுப்பதில்லை.

அம்மாவின் யோசனைக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. நீதிமன்ற அனுமதி இல்லாமல் நாட்டை விட்டுப் போவதே மீறல். வாரண்ட் காத்திருக்கும். திரும்பி விமான நிலையத்தில் இறங்கும்போது, தண்டனைப் பதிவைக் காரணம் காட்டி, கிரீன் கார்டு இருந்தும் புதிதாக நுழைய வருபவரைப் போல நடத்தலாம். உள்ளே இருக்கும்போது எழாத கேள்விகள் அந்த வாசலில் எழும். கிரீன் கார்டே வேண்டாம், திரும்பி வரவே மாட்டான் என்றால் அது வேறு பேச்சு, அதற்கும் முதலில் வழக்கை ஒழுங்காக முடிக்க வேண்டும். அம்மாவிடம் இதை மெதுவாகச் சொல்லுங்கள். மகன் கண் முன்னால் இருந்தால் போதும் என்றுதான் அவர் நினைப்பார்.

தொலைந்த பையில் கிரீன் கார்டும் இருந்ததா? இருந்தால் புது கார்டு கேட்டு ஐ-90 படிவம் போட வேண்டும். 18 வயதுக்கு மேற்பட்டவர் அதைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். தங்குமிடம் மாறினால் 10 நாளுக்குள் குடியேற்றத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் சட்டம், பலருக்குத் தெரியாது. மாநில அடையாள அட்டை வீடில்லாதவர்களுக்கு இலவசம். டிஎல் 933 என்ற படிவத்தில் ஷெல்டரோ சமூகப் பணியாளரோ வக்கீலோ கையெழுத்திட்டுக் கொடுப்பார்கள். பையை நகராட்சி அள்ளிக்கொண்டு போனது பற்றியும் வக்கீலிடம் சொல்லுங்கள். ஆள் இல்லாதபோது வைத்துவிட்டுப் போன பொருளை அறிவிப்பில்லாமல் எடுத்து அழிக்கக்கூடாது என்று லாஸ் ஏஞ்சலஸ் நகருக்கு எதிரான லவான் வழக்கில் 2012இல் ஒன்பதாம் வட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. நஷ்டஈடு கிடைக்கிறதோ இல்லையோ, ஃபோன் போன தேதி அதிகாரப்பூர்வமாகப் பதிவாகும். சந்திப்புகள் தவறியது வேண்டுமென்றே இல்லை என்று காட்ட அதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது.

சாப்பாடு கொடுங்கள். போர்வையும் கொடுங்கள். உங்கள் பயத்துக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. ஃப்ரீமாண்ட் சட்டத்தில் முதலில் உதவுபவர்களையும் உடந்தையானவர்களையும் சேர்த்து ஒரு வரி இருந்தது. நாடு முழுக்கப் பேச்சு கிளம்பியதும் 2025 மார்ச்சில் அதை நீக்கிவிட்டார்கள். போலீஸ் உங்களிடம் அவர் எங்கே என்று கேட்டால் பதில் சொல்லாமல் இருக்கலாம், பொய் மட்டும் சொல்லாதீர்கள்.

அந்த இரண்டு சைட்டேஷன்களுக்கும் தனியாக ஒரு வழி உண்டு. 1989இல் சான் டியேகோவில் தொடங்கிய வீடற்றோர் நீதிமன்ற முறை அலமேடா கவுண்டியிலும் நடக்கிறது. சிகிச்சை, வேலைப் பயிற்சி என்று ஏதாவது ஒன்றில் அவர் சேர்ந்து முயற்சி எடுத்ததைக் காட்டினால் இதுபோன்ற சின்ன வழக்குகளை முடித்துவைப்பார்கள். குடியை விடும் திட்டத்தில் சேர்வது அங்கேயும் உதவும், புரொபேஷன் நீதிபதி முன்பும் உதவும். ஆனால் புரொபேஷன் மீறல் அங்கே தீராது, அது தண்டனை கொடுத்த நீதிமன்றத்துக்கே போக வேண்டும். திங்கட்கிழமை காலை பப்ளிக் டிஃபெண்டர் அலுவலகத்தை அழைக்கும்போது வழக்கு எண், பிறந்த தேதி, சைட்டேஷன் தாள்கள் கையில் இருக்கட்டும். எண் தெரியாவிட்டாலும் பெயரை வைத்தே நீதிமன்ற எழுத்தர் எடுத்துத் தருவார்.